குறை பொம்மையில இருக்கட்டும், மனசுல வேண்டாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லீங்க. "கொலு பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறீங்களே, அதைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்க"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. வர்ணம் அடிக்கிற விதத்தை மட்டும் சொன்னா அந்த வேலை செய்யற சில பேருக்குத்தான் ஆகும். அதனால ஒருத்தர் வேலையைப் பார்த்து இன்னொருத்தர் எப்படிக் குறை சொல்றது, சொன்ன குறையை வாங்கிட்டு நம்ம கைவேலையை எப்படி உசத்திக்கிறதுன்னு பேசலாம்னு வந்திருக்கேன். மசாலா அரைக்கிறவங்களுக்கும் பை தைக்கிறவங்களுக்கும் கூட இது ஆகும்னு நெனைக்கிறேன்.

முதல்ல வேலையைச் சொல்லிடறேன். பொம்மையை நாங்க செய்யறது இல்லீங்க. பண்ருட்டியிலயும் மதுரைக்குப் பக்கத்துல விளாச்சேரியிலயும் தலைமுறை தலைமுறையா பொம்மை செய்யற குடும்பங்க இருக்கு. களிமண்ணுலயும் காகிதக்கூழுலயும் செய்வாங்க. அந்த மாதிரி அச்சுல எடுத்துக் காய வெச்ச பொம்மையை, வெள்ளை பூசின நிலையில வாங்கிட்டு வந்து நாங்க வர்ணம் தீட்டறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது, தோல் நிறம், சேலை, நகை, கடைசியா கண்ணு. இதுதான் வரிசை.

கேக்கறதுக்கு சுலபமா இருக்கும். ஆனா தசாவதாரம் செட்டுல ஒரு பொம்மை நாலு அங்குலம்தான். அதுல முகம் நம்ம கட்டைவிரல் நகம் அளவு. கண்ணு ஒரு எள்ளு அளவு. அந்த எள்ளுக்குள்ள வெள்ளை, கருவிழி, இமைக்கோடு மூணும் வரணும். ஒரு முடி கனம் கோடு விலகினா சாமி முகம் மாறிடுதுங்க. சிரிக்கிற முகம் முறைக்கிற முகமா ஆயிடும்.

போன வருஷம் கடைக்குக் கொடுத்த பொம்மையில ஒரு பங்கு திரும்பி வந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். எந்தக் கடைன்னு இங்க சொல்ல வேண்டாம். கடைக்காரர் காரணம் எதுவும் சொல்லலை. "நகரலீங்க"ன்னு ஒரே வார்த்தை. வாங்க வர்றவங்க பொம்மையை எடுத்துப் பார்த்துட்டு, திருப்பி வெச்சுட்டு, பக்கத்துப் பொம்மையை எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஏன் வெச்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நாமளும் கடையில சேலையை அப்படித்தானுங்களே திருப்பி வெக்கிறோம்! பொம்மை நகராம நின்னாலும் கடன் தவணை நிக்கறது இல்லை. அதனால வாங்கறவங்க மனசுக்குள்ள நெனைக்கிற குறையை, பொம்மை கடைக்குப் போறதுக்கு முன்னாலேயே நாம ஒருத்தருக்கொருத்தர் வாய் விட்டுச் சொல்லியாகணும்.

ஆனா நம்மகிட்ட இருக்கறது ரெண்டு பழக்கம்தான். ஒண்ணு, "சூப்பரா இருக்குக்கா." பக்கத்து வீட்டு அக்கா, நாளைக்கும் மூஞ்சியில முழிக்கணும், மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது. இதை வெச்சுக்கிட்டு அவங்க அடுத்த பொம்மையில எதை மாத்துவாங்க? இன்னொண்ணு, "என்ன இது, பேய் மாதிரி இருக்கு." இப்படி ஒரு சொல்லைக் கேட்டுட்டு எங்க குழுவுல ஒரு தங்கச்சி பிரஷ்ஷைக் கீழ வெச்சா. மூணு மாசம் தொடவே இல்லை. எங்க எல்லாரையும் விட அவளுக்குத்தான் கை நடுக்கம் கம்மி. நகைக்கோடு அவ்வளவு சன்னமா இழுப்பா. அவ போனதுல நஷ்டம் குழுவுக்குத்தான். பேய் மாதிரி இருக்குன்னு சொன்னவங்க பொய் சொல்லலை. ஆனா எங்க, எதனால அப்படி இருக்குன்னு சொல்லலை. அதைச் சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை.

சரி, எப்படிச் சொல்றது? இதை வெளியில போய்க் கத்துக்க வேண்டியதில்லீங்க. நம்ம ஊர்லயே இருக்கு. இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் பனியன் கம்பெனியில செக்கிங் பார்த்தவங்க. செக்கிங் டேபிள்ல ஒரு பீஸ் வருது. தோள்பட்டையில தையல் விட்டிருக்கு. நீங்க என்ன செய்வீங்க? "இந்த டெய்லர் மோசம்"னு எழுதுவீங்களா? இல்லீங்க. தையல் விட்ட இடத்துல அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புவீங்க. டெய்லருக்கு அந்த அம்புக்குறி போதும். எங்கன்னு தேட வேண்டியதில்லை, எதுக்குன்னு சண்டை போட வேண்டியதில்லை. அடிச்சுக் கொடுத்துட்டு அடுத்த பீஸுக்குப் போயிடுவாங்க.

பொம்மைக்கும் இதேதானுங்க. அம்புக்குறி பொம்மை மேல இருக்கணும், செஞ்ச அக்கா மேல இருக்கக் கூடாது. மூணு விஷயம் சொன்னா குறை சொன்னதா அர்த்தம். எந்த இடம், என்ன ஆகியிருக்கு, என்ன செஞ்சு பார்க்கலாம்.

"பேய் மாதிரி இருக்கு"ங்கறதையே எடுத்துக்கலாம். பொம்மை ஏன் முழிச்ச மாதிரி தெரியுது? கருவிழியைச் சுத்தி நாலு பக்கமும் வெள்ளை தெரிஞ்சா அப்படித்தான் தெரியும். நம்ம கண்ணைக் கண்ணாடியில பாருங்க. சும்மா இருக்கும்போது கருவிழியோட மேல்பக்கம் இமைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பயந்தாத்தான் மேலயும் வெள்ளை தெரியும். அப்ப எப்படிச் சொல்லணும்? "வலது கண்ணுல கருவிழிக்கு மேல வெள்ளை தெரியுது, அதனால முழிக்கிற மாதிரி இருக்கு, கருவிழியை மேல் இமைக்கோட்டைத் தொடற மாதிரி ஏத்திப் பாருங்க." இப்படிச் சொன்னா யாருக்கும் அழுகை வராதுங்க. கை தானா பிரஷ்ஷுக்குப் போகும்.

இன்னும் ரெண்டு மூணு சொல்றேன். "முகம் திட்டுத் திட்டா இருக்கு"ன்னு நிறுத்தாதீங்க. "கன்னத்துல பிரஷ் கோடு தெரியுது, வர்ணம் கெட்டியா இருந்திருக்கும், மோர் பதத்துக்குத் தண்ணி சேர்த்து ரெண்டு கை சன்னமா அடிச்சுப் பாருங்க"ன்னு சொல்லுங்க. "நகை எடுக்கலை"ன்னு விடாதீங்க. "தங்க வர்ணத்துக்குள்ள வெள்ளை தெரியுது, முதல்ல காவி நிறம் ஒரு கை அடிச்சுட்டு அது மேல தங்கம் வைங்க"ன்னு சொல்லுங்க. "சேலை தட்டையா இருக்கு"ன்னா, "மடிப்புப் பள்ளத்துல அதே நிறத்தைக் கொஞ்சம் கருக்கி இழுங்க, மேட்டுல கொஞ்சம் வெளுப்பு வைங்க"ன்னு சொல்லுங்க.

நல்லா இருக்கறதையும் இடம் காட்டிச் சொல்லணும். முகஸ்துதிக்கு இல்லீங்க. எது சரியா வந்திருக்குன்னு தெரியாட்டி, குறையைத் திருத்தற அவசரத்துல அதையும் சேர்த்து மாத்திடுவாங்க. "உதட்டுக்கோடு அளவா இருக்கு, அதைத் தொடாதீங்க, புருவம் மட்டும் பாருங்க"ன்னா வேலை பாதியா குறையும்.

அடுத்தது நேரம். கம்பெனியில பீஸ் ஓடிட்டு இருக்கும்போதே லைன்ல ஒரு செக்கிங் இருக்கும், முடிஞ்சப்புறம் ஃபைனல் செக்கிங் இருக்கும். ஃபைனல்ல மட்டும் பார்த்தா ஆயிரம் பீஸும் அதே தப்போட வந்து நிக்கும். பொம்மையில நாங்க இப்ப மூணு இடத்துல நிறுத்திப் பார்க்கறோம். வெள்ளைப் பொம்மையைத் தேய்ச்சு முடிச்சதும் ஒரு தரம். அப்ப விரலால தடவினாலே மேடு பள்ளம் தெரியும். தோல் நிறமும் துணி நிறமும் அடிச்சு, கண்ணு வரையறதுக்கு முன்னால ரெண்டாவது தரம். வார்னிஷ் போடறதுக்கு முன்னால மூணாவது தரம். அக்ரிலிக் வர்ணம் ஈரமா இருந்தா தண்ணி தொட்ட பஞ்சுக்குச்சியால ஒத்தி எடுத்துடலாம். காஞ்சுட்டா மேல பூசித்தான் சரி பண்ணணும். வார்னிஷும் போட்டாச்சுன்னா மறுபடி தேய்க்காம மேல வர்ணம் பிடிக்காது. ஒரே குறையை எந்த நேரத்துல சொல்றோம்ங்கறதைப் பொறுத்து அது ஒரு நிமிஷ வேலையா இருக்கும், இல்லைன்னா அரை நாள் வேலையா இருக்கும். வார்னிஷ் போட்டப்புறம் வந்து "எனக்கு அப்பவே தோணுச்சுக்கா"ன்னு சொல்றதுல யாருக்கும் பிரயோஜனம் இல்லீங்க.

சொல்ல ஆள் இல்லாத நேரம்? மதியம் வீட்டுல தனியா உட்கார்ந்து அடிக்கிறோம். ரெண்டு மணி நேரம் ஒரே முகத்தைப் பார்த்தா நம்ம கண்ணு அதுக்குப் பழகிடும், கோணல் தெரியாது. அதுக்கு வழி இருக்கு. பொம்மையைக் கண்ணாடி முன்னால வெச்சுப் பாருங்க. இடம் வலம் மாறித் தெரியறதால ஒரு கண்ணு இறங்கியிருந்தா பளிச்சுன்னு தெரியும். தலைகீழா பிடிச்சுப் பாருங்க. போன்ல ஒரு படம் எடுத்துப் பெரிசு பண்ணிப் பாருங்க. கொலுப்படியில வெக்கிற பொம்மையை யாரும் மூக்குக்கிட்ட வெச்சுப் பார்க்கறது இல்லை, நாலடி தள்ளி நின்னுதான் பார்ப்பாங்க. அதனால எட்ட வெச்சும் பாருங்க. கிட்ட அழகா இருக்கிற சன்னக்கோடு எட்டத்துல காணாமப் போகும்.

வெளிச்சத்தையும் மாத்திப் பாருங்க. ஷேடு விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டியூப் லைட்ல ஒண்ணா தெரியற ரெண்டு துணி வெயில்ல வேறயா தெரியும்னுதானே கம்பெனியில லைட் பாக்ஸ் வெச்சிருக்காங்க. ராத்திரி கலக்கின தோல் நிறத்தைக் காலையில வாசல் வெளிச்சத்துல ஒரு தரம் பார்த்துட்டு மேல போங்க.

யார்கிட்டக் காட்டறதுங்கறதும் முக்கியமுங்க. எங்கள்ல நிறையப் பேர் வீட்டுல கொலு வெக்கிற பழக்கம் இல்லை. நமக்குத் தெரியாத சங்கதி கொலு வெக்கிறவங்களுக்குத் தெரியும். எங்க குழுவுல ஆண்டாள் பொம்மை வந்தப்ப, இடது கையில ஏதோ சின்னதா இருக்குன்னு பூச்செண்டு மாதிரி சிவப்பு அடிச்சிருந்தாங்க. வருஷா வருஷம் கொலு வெக்கிற ஒரு பெரியம்மாகிட்டக் காட்டினோம். "அது கிளி கண்ணு, ஆண்டாள் கையில கிளிதான் இருக்கும், பச்சை அடி"ன்னாங்க. பெருமாளுக்கு பீதாம்பரம்னா பீதம்ங்கறதே மஞ்சள், அதனால மஞ்சப்பட்டுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. நாமத்துலயும் ரெண்டு வகை இருக்கு. வடகலை நாமம் அடியில வளைஞ்சு நிக்கும். தென்கலை நாமத்துக்கு மூக்கு மேல பாதம் இறங்கும். வாங்க வர்றவங்க அதைத்தான் முதல்ல பார்ப்பாங்களாம். நாம எவ்வளவு சன்னமா வரைஞ்சாலும் அவங்க வீட்டு நாமம் இல்லைன்னா எடுக்க மாட்டாங்க. இந்த அறிவு எந்தப் பிரஷ்லயும் வராதுங்க, கேட்டாத்தான் வரும்.

அதனால மூணு வகை ஆள்கிட்டக் காட்டணும். வர்ணம் அடிக்கத் தெரிஞ்சவங்க எப்படித் திருத்தறதுன்னு சொல்வாங்க. கொலு வெக்கிறவங்க எது முறைன்னு சொல்வாங்க. ஒண்ணும் தெரியாத சின்னக் குழந்தைகிட்டயும் காட்டுங்க. "இந்த சாமி எதுக்கு கோபமா இருக்கு?"ன்னு அது கேட்டுட்டா மறுபேச்சே வேண்டியதில்லை.

கேக்கற விதமும் இருக்கு. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னுதான் பதில் வரும். கல்யாண வீட்டுல சாப்பாடு எப்படின்னு கேட்டா என்ன சொல்வோமோ அந்தப் பதில்தான். "ரெண்டு கண்ணும் ஒரே மட்டமா இருக்கா? எந்தக் கண்ணு இறங்கியிருக்கு?"ன்னு கேளுங்க. "இந்தப் பத்து பொம்மையில நீங்க காசு கொடுத்து எதை எடுப்பீங்க, எதை எடுக்க மாட்டீங்க?"ன்னு கேளுங்க. எடுக்காத பொம்மையைக் கையில எடுத்து ஏன்னு கேளுங்க. அப்பத்தான் நிஜம் வரும்.

இனி வாங்கிக்கிறதுக்கு வர்றேன். இதுதான் கஷ்டமுங்க. ஒருத்தர் குறை சொன்னதும் "வெளிச்சம் பத்தலை, பிரஷ் சரியில்லை, பையன் அழுதான்"னு வாய் தானா காரணம் சொல்லும். காரணம் எல்லாம் நிஜமாவே இருக்கட்டும். ஆனா காரணம் சொல்ல ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவங்க அடுத்த குறையைச் சொல்ல மாட்டாங்க. அதனால எங்க குழுவுல ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். பொம்மையை நடுவுல வெச்சுட்டா, செஞ்சவங்க அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது. நோட்டுல எழுதிக்க மட்டும் செய்யலாம். முடிஞ்சப்புறம் சந்தேகம் இருந்தா கேக்கலாம். பொம்மை யாருதுன்னு சொல்லாம பெயரில்லாம வெச்சா இன்னும் நல்லது.

சொன்னதையெல்லாம் செய்யணும்னு இல்லீங்க. ஒருத்தர் சேலைக்கு இன்னும் அடர்த்தி வேணும்பாங்க, இன்னொருத்தர் வெளுக்கணும்பாங்க. அது அவங்கவங்க ருசி. ஆனா சொல்லி வெக்காம ரெண்டு மூணு பேர் ஒரே இடத்தைத் தொட்டுச் சொன்னா அந்த இடத்துல விஷயம் இருக்கு. அவங்க சொன்ன வைத்தியம் தப்பா இருக்கலாம், வலி அங்கதான் இருக்கும். அதை முதல்ல பாருங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்த வேண்டாம். இந்த வாரம் கண்ணு மட்டும். எந்தக் கண்ணு கைக்கு வராதோ அதை முதல்ல வரைஞ்சுட்டு, சுலபமா வர்ற கண்ணை அதுக்கு ஒத்தாப்ல வரைங்க. அது படிஞ்சப்புறம் அடுத்தது.

நம்ம மட்டும்தான் இப்படின்னு நெனைக்காதீங்க. வெளிநாடுகள்ல 28 மில்லிமீட்டர் உயரமுள்ள, அதாவது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கிற போர்வீரன் பொம்மைக்கு வர்ணம் தீட்டறதைப் பொழுதுபோக்கா வெச்சிருக்கிறவங்க நிறைய இருக்காங்க. அவங்களும் வர்ணம் அடிச்ச பொம்மையைப் படம் எடுத்து, பழகினவங்ககிட்டக் காட்டி, எங்க சரியில்லைன்னு அவங்களாவே கேட்டு வாங்கிக்கிறாங்க. பொழுதுபோக்குக்குச் செய்யறவங்களே கேக்கறப்ப, பொழப்புக்குச் செய்யற நாம கேக்க என்ன கூச்சம்?

நமக்கு இது புதுசும் இல்லைங்க. தமிழ்நாட்டுல 1989ல தருமபுரி மாவட்டத்துல மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சதுன்னு நமக்குப் பயிற்சியில சொன்னாங்க. குழுவோட முதல் பழக்கமே என்ன? சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் தவணை நிக்குதுன்னு கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கணக்கை வாசிக்கிறது. முதல்ல நமக்குக் கூசுச்சு. இப்ப யாரும் அதை அவமானமா எடுத்துக்கறது இல்லை. கணக்கு திறந்து இருக்கறதாலதான் பேங்க்ல நம்மளை நம்பறாங்க. பணக் கணக்கை அப்படித் திறந்து வெக்கத் தெரிஞ்ச நமக்கு, கைவேலைக் கணக்கையும் திறந்து வெக்க முடியாதா?

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வெக்கிறேன்.

ஒண்ணு, கொலு புரட்டாசியில வருது. கடைக்குச் சரக்கு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே போகணும். அதனால தை மாசத்துல இருந்து ஆடி வரைக்கும் மாசம் ஒரு நாள், எல்லாக் குழுவும் முடிக்காத பொம்மையை இங்க கொண்டு வந்து நடுவுல வெச்சுப் பார்க்கணும். முடிச்சதை இல்லைங்க, முடிக்காததை. அப்பத்தான் திருத்த முடியும்.

ரெண்டு, கம்பெனியில பையர் ஓகே பண்ணின சாம்பிளைப் பத்திரமா வெச்சிருக்கிற மாதிரி, எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு பொம்மையை வகைக்கு ஒண்ணு கூட்டமைப்பு ஆபீஸ்ல வெக்கணும். "அழகா இல்லை"ங்கற பேச்சு போய், "சாம்பிளுக்கு ஒத்து வரலை, இந்த இடத்துல"ங்கற பேச்சு வரும்.

மூணு, தீர்மானப் புத்தகம் மாதிரி ஒரு குறை நோட்டு போடணும். அதுல ஆள் பேரு வேண்டாம். தேதி, பொம்மை, இடம், குறை, செஞ்ச வைத்தியம், இவ்வளவு போதும். புதுசா வேலைக்கு வர்ற பொண்ணு அந்த நோட்டைப் படிச்சாலே அவளுக்குப் பாதிப் பயிற்சி ஆச்சு.

இந்த வருஷம் பொம்மை வேலைக்கு மறுபடி கடன் கொடுக்கறதா வேண்டாமான்னு கூட்டமைப்பு யோசிக்கிறது எனக்குத் தெரியும். யோசிக்கறது நியாயமுங்க, அது எல்லாரோட சேமிப்புப் பணம். கொடுங்கன்னு சும்மா கேக்கறதை விட, முதல் மாசப் பொம்மையை உங்க முன்னால வெக்கிறோம், நீங்களே அம்புக்குறி ஒட்டுங்கன்னு கேக்கறேன். ஒட்டின இடத்தை நாங்க சரி பண்ணிக் கொண்டு வர்றோமா இல்லையான்னு பார்த்துட்டு முடிவு எடுங்க.

பிரஷ்ஷைக் கீழ வெச்ச தங்கச்சி இப்ப மறுபடி வந்துட்டா. யாரும் அவளைச் சமாதானப்படுத்தலை. ஒரு அக்கா அவ பழைய பொம்மையை எடுத்துட்டுப் போய், "கருவிழியை மட்டும் கொஞ்சம் மேல ஏத்து கண்ணு, நகை எல்லாம் அப்படியே இருக்கட்டும்"னு சொன்னாங்க, அவ்வளவுதான். அந்த மாதிரி சொல்ற அக்காமாரும், அதைக் கேட்டுக்கிற தங்கச்சிமாரும் ஒவ்வொரு குழுவுலயும் வேணும்னு கேட்டுக்கறேன்.